பிரேக்குக்குக் கட்டிய கிளை

பேய், பிசாசு, காட்டுத் தெய்வம் என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் ரிவர்ஸ்டன் மலைப்பாதை இறக்கத்தில் எனக்கு நடந்தது நடந்ததுதான். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, இட்டுக்கட்டிச் சொல்லவும் எனக்கு வராது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எண்பதுகளின் கடைசி. வாகனம் ஓடினால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர்கள் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டிய காலம். எங்கள் ஊர் ரத்தோட்டையில் கடைகள் எல்லாம் பூட்டு, பஸ் இல்லை. என் மனைவி செல்வி மலைக்கு அந்தப் பக்கம், லக்கல போகிற வழியில் உள்ள ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், கால் முறிந்து கிடந்த அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஏலக்காய் காயவைக்கிற புகை பட்டு அது கூடிவிட்டது, கொண்டுபோன குளிசை மாத்திரையும் முடிந்துவிட்டது, பேச முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறாள் என்று, காட்டுப் பாதையால் நடந்து வந்த ஒருவர் காலையில் சொன்னார்.

மருந்துக்கடை வைத்திருந்த பாமசி நானாவின் வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் குளிசையை எடுத்து வந்தார்.

"பஸ் இல்லாம எப்படிப் போவீங்க தம்பி?"

"சைக்கிள்ல போறேன் நானா."

"அந்த சைக்கிள்லயா? அதுக்குப் பிரேக் இருக்கா?"

"பின்னால கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம் இருந்தா அதுக்குப் பேரு பிரேக் இல்ல தம்பி. அல்லா காவல், பார்த்துப் போங்க."

குளிசையைச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊசியால் குத்திக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வழியில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஆனால் பாதையை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு லொறி இல்லை, ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை. பாதை முழுவதும் எனக்கே எழுதிக் கொடுத்தது போலக் கிடந்தது. தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் தண்ணீர் விழுகிற சத்தம் ஒவ்வொரு வளைவிலும் வேறு வேறு மாதிரிக் கேட்டது. கீழே பள்ளத்தாக்கில் வயல்கள் சின்னச் சின்னப் பச்சைத் துண்டுகளாகத் தெரிந்தன, அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை, கடைசி மலை வானத்தின் நிறத்திலேயே இருந்தது. செல்வி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் இதையெல்லாம் பார்க்கலாமா என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஏற்றத்தில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளித்தான் போனேன்.

உச்சியில் ஒரு பெரிய மரம் நின்றது. காட்டுக்குள் இறங்குகிறவர்கள், சிங்களவரோ தமிழரோ, ஒரு சின்னக் கொப்பை ஒடித்து அதில் தொங்கவிட்டுத்தான் போவார்கள். யானை மறிக்காது, வழி நல்லபடியாக முடியும் என்று நம்பிக்கை. பஸ் கண்டக்டர்கூட இறங்கித் தொங்கவிடுவார். நான் மட்டும் செய்ததே இல்லை.

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது வேறு. எங்கள் தோட்டத்தில் விறகு ஏற்றி வருகிறவர்கள் பிரேக் போதாவிட்டால் இலையோடு ஒரு பெரிய கிளையைக் கரியரில் கட்டி இழுத்துக்கொண்டு இறங்குவார்கள், அதுதான் பிரேக். காற்றில் முறிந்து அந்த மரத்தடியில் கிடந்த ஒரு கிளையைக் கயிற்றால் கரியரில் கட்டினேன். நல்ல பாரம். கட்டி முடித்ததும், ஏனென்று தெரியாது, மரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன்.

"இத பிரேக்குக்கு எடுக்கிறேன். திரும்பி வரும்போது தொங்கவிடுறேன்."

சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

இறங்கத் தொடங்கினேன். மூடுபனி ஏறிவிட்டது. பின்னால் கிளை சரசரவென்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும், இருந்த ஒரே பிரேக்கின் கம்பியும் அறுந்து போனது. இனிக் கிளைதான் என்று நினைத்தேன். அடுத்த வளைவைத் தாண்டும்போது அந்தச் சரசரச் சத்தம் நின்றது.

கயிறு அறுந்துவிட்டது, முடிந்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சைக்கிள் வேகம் எடுக்கவில்லை. பாதை இன்னும் செங்குத்தாக இறங்குகிறது, சைக்கிள் அதே வேகத்தில் போகிறது. சைக்கிள் பழகுகிற பிள்ளையின் சீட்டைப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வருவாரே, அப்படி இருந்தது. பயம் என்று சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை. அப்படியே போய், ஒரு வளைவின் நடுவில் தானாக நின்றது.

காற்று பனியை விலக்கியது. முன் சக்கரத்துக்கு இரண்டு முழத்துக்கு அப்பால், இருக்க வேண்டிய ஓடைப் பாலம் இல்லை. யாரோ உடைத்துப் போட்டிருந்தார்கள். கீழே பாறையும் தண்ணீரும்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கிளையும் இல்லை, கயிறும் இல்லை, ஆளும் இல்லை.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கிக் கரையேறினேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். செல்வியின் உதடு நீலமாகியிருந்தது. குளிசை போட்டு வெந்நீர் குடித்து, வெகுநேரத்துக்குப் பிறகுதான் மூச்சு இறங்கியது.

"பாலத்த ஒடச்சிட்டானுங்களே, எப்படி வந்தீங்க மாப்பிள்ள?" என்றார் மாமா.

"கிளை கட்டிக்கிட்டு வந்தேன் மாமா."

"எங்க கிளை?"

நான் செல்விக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.

"பின்னாலயே வரும்னு விட்டுட்டு வந்துட்டாரு போல" என்றாள் செல்வி. அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். நான் நின்ற இடத்தில் இருந்து உச்சிவரை, மண்ணில் விளக்குமாறு இழுத்த மாதிரிக் கிளையின் தடம் விடாமல் இருந்தது. உச்சிக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். என் கிளை அங்கே தொங்கியது. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கிப் போட முடியாத உயரம். இலையெல்லாம் தேய்ந்து நரம்பு மட்டும் இருந்தது. பாலத்துக்கு முன்னால், நான் நின்ற இடத்தில் மட்டும் இருக்கிற சிவப்பு மண் அதில் அப்பியிருந்தது.

இன்றைக்கு அது நல்ல தார்ப் பாதை, ஊர் பார்க்க வருகிறவர்களின் வேன்கள் வரிசையாகப் போகின்றன. நானும் எப்போதாவது சைக்கிளில் போவேன், அவ்வளவு அழகான பாதை வேறு எங்கும் இல்லை. தெய்வம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தக் கயிற்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அது கிளையோடுதான் தொங்கியது. அறுந்திருக்கவில்லை. கரியரைச் சுற்றி நான் போட்ட முடிச்சு அவிழவும் இல்லை, கரியர் அளவுக்கே அந்த வளையம் மூடினபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.