மூக்கில் இருந்த இலக்கங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஓ.எல்.லோடு படிப்பை விட்டவள். கடைக்கு ஆள் வந்தால்கூடக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டுதான் பேசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இன்று எல்லார் முன்னாலும் "ஏலாது" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் நித்திரை வராது.

இன்று ஆயுத பூசை. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிறது எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய முதலாளியின் மகள்தான் இப்போது பார்க்கிறார். காலையில் சாம்பிராணி போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "அன்ரி, உங்கட வீட்டில இருக்கிற ஹாட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. கொம்பியூட்டரோட வச்சுப் பொட்டு வைப்பம். அதுவும் ஆயுதம்தானே."

வாடிக்கையாளர்களின் கண் இலக்கங்கள், அதாவது கண்ணாடிப் பவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி அந்த டிஸ்கில் இருக்கிறது. லிங்கநகரில் என் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். நான் ஏலாது என்றேன். புதிதாக வந்த பெடியன், "இப்ப எல்லாம் கிளவுட்டில கிடக்கு. அன்ரி அதைச் சீதனம் மாதிரிப் பூட்டி வச்சிருக்கிறா" என்றான். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவர்களுக்கு சாம்பிராணி என்றால் சாமி ஞாபகம் வரும். எனக்குப் பழைய பிளாப்பி டிஸ்குகள் ஞாபகம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் ஐயா, அதாவது பழைய முதலாளி, முதல் கொம்பியூட்டரை வாங்கினார். கண் டாக்குத்தர் கொழும்பிலிருந்து எப்போதாவதுதான் வருவார். அவர் பார்த்துச் சொல்லும் இலக்கங்களை நான் பதிவேன். ஈச்சிலம்பற்றில் ஒருவர் வலை இழுக்கும்போது கண்ணாடியைக் கடலுக்குள் விட்டால், ஆளை அனுப்பிச் சொன்னால் போதும். அதே பவரில் வெட்டி லோஞ்ச் படகில் அனுப்பிவிடுவோம். அவர் குருடர் மாதிரி பஸ் ஏறி வரத் தேவையில்லை. பெரிய கடையொன்று ஏசி போட்டு எதிரே திறந்தபோதும் சனம் எங்களை விட்டுப் போகாததற்கு அந்த ஒன்றுதான் காரணம்.

ஐயாவுக்கு இலக்கங்கள் போய்விடும் என்று எப்போதும் பயம். "ரெண்டு சாவியும் ஒரே வீட்டில இருக்கப்படாது பிள்ளை" என்பார். அதனால் சனிக்கிழமைகளில் பிளாப்பிகளில் ஒரு பிரதியை நான் லோஞ்சில் அக்கரைக்கு, மூதூருக்குக் கொண்டுபோவேன், உப்புத் தண்ணீர் படாமல் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து. அங்கே மருந்துப் பாமசி வைத்திருந்த ஹாஜியார் ஐயாவின் சிநேகிதர். தன் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். இறங்குதுறையில் சோதனை செய்யும் படைக்காரர் பெட்டியைத் திறந்து இது என்ன என்று கேட்பார்கள். எனக்குச் சிங்களத்தில் கண்ணுக்கு மட்டும்தான் சொல் தெரியும். அதைச் சொல்லி என் கண்ணைத் தொட்டுக் காட்டுவேன். பாவம், எனக்கு ஏதோ கண் வருத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இவ்வளவு யோசித்த மனிதர், ஒரு வருச ஆயுத பூசையில் சறுக்கினார். மூதூரில் இருக்கும் பிரதிக்கு மட்டும் ஆசீர்வாதம் இல்லாமல் போகலாமோ? கேட்டதும் ஹாஜியார், "சாமிக்கெண்டா தாறன், பத்திரமாத் திருப்பித் தரணும்" என்று கொடுத்தனுப்பினார். ஐயா இரண்டு பிரதிகளையும் ஒரே தட்டில் அடுக்கி, ஒவ்வொரு பிளாப்பியிலும் அந்தத் தகடு நகரும் இடத்தை நெற்றியாக நினைத்து, சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்தார். பிறகு கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் அள்ளி அள்ளி எல்லாவற்றிலும் தெளித்தார். கொம்பியூட்டருக்கு நன்றாகவே கிடைத்தது.

மறுநாள் அதில் வெளிச்சமே வரவில்லை. பிளாப்பிகளை வேறு கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால் கல் அரைக்கிற சத்தம். திருத்த வந்தவர், "ஐயா, இதுக்குள்ள சந்தனம் மட்டும்தான் இருக்கு" என்றார். அன்று ஐயா சாப்பிடவில்லை. சில நாள் பொறுத்து, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, கடையை மூடப் போவதாகச் சொன்னார். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தன் பிரதியைத் திருப்பி வாங்க ஹாஜியார் வந்தார். ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கட கொம்பியூட்டர் மௌத்தாப் போனா என்ன அண்ணன்? என்ட மூக்கு உசிரோடதானே இருக்கு. இதில இருந்து எடுங்க."

ஐயா கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு எழும்பி ஷட்டரை முழுதாக உயர்த்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வில்லையின் பவர் பார்க்கிற சின்ன மெசினைத் துவாயில் சுற்றிக்கொண்டு லோஞ்ச் ஏறினோம். பாமசி வாசலில் மேசை போட்டோம். மனிதர் முகத்தை நிமிர்ந்து பாராத நான், ஒவ்வொரு முகத்திலிருந்தும் கண்ணாடியைக் கழற்றினேன். வாங்குப் பலகையில் வரிசையாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரைத் தன் மச்சான் என்று நினைத்துக் குடும்பச் சண்டை முழுவதையும் சொல்லி முடித்தார். எதிர்க்கடைக்காரர் கேள்விப்பட்டு, கண்ணாடிக் கடை பிச்சைக்கு இறங்கிவிட்டது என்றாராம். ஓம், இறங்கினோம். ஈச்சிலம்பற்றுக்கும் போனோம்.

ஒரு பெண் இறந்துபோன புருசனின் கண்ணாடியைக் கொண்டுவந்தார். இனி இது தேவையில்லை என்று சொல்ல நான் வாயெடுக்க முன், "பதி பிள்ளை, எங்கட ஆள்" என்றார் ஐயா. பதிந்தேன். எல்லாம் திரும்பக் கிடைத்ததென்று சொல்லமாட்டேன். கிடைத்தது, கடை விழாமல் நிற்கப் போதுமாக இருந்தது.

ஐயா இப்போது இல்லை. பாலங்கள் வந்தபிறகு மூதூர் லோஞ்சும் இல்லை. ஹாஜியாரின் பாமசி இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். கிளவுட் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க, சாமி கேட்டாலும் நான் தரமாட்டேன். என்னை வேலையால் நிறுத்தினாலும் தரமாட்டேன்.

இதை மறுநாள் சேர்க்கிறேன்: காலையில் கொம்பியூட்டரைப் போட்டார்கள். வேலை செய்தது. டிஸ்க் லிங்கநகரில் இருந்தது.