துணைக்கு ஓர் ஆள்

என் அண்ணன் வெளிநாட்டில் சபை ஊழியம் முடித்துத் திரும்பிய அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்து அப்பா அழுதார். நான் அழுததற்குக் காரணமே வேறு. சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா வாயைத் திறந்து சொன்ன முதல் விஷயம் இதுதான்:

"நாளையிலேர்ந்து கடையை அண்ணன் பாத்துப்பான். சாவியை அவன்கிட்ட குடுத்துடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. ஒரு ஷட்டர், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க உயிர் போன ஃபேன்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியைப் பிடுங்கிப் போட்டு, புதுச் செப்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து மறுபடி ஓட வைக்கிற வேலை. அண்ணன் ஊழியத்துக்குப் புறப்பட்டபோது, "அவன் வர்ற வரைக்கும் சும்மா திறந்து வைடி, போதும்" என்று அப்பா என்னை அங்கே உட்கார வைத்தார். சும்மா திறந்து வைக்கிற ஆளா நான்? கையைச் சுட்டுக்கொண்டேன். ஷாக் அடித்து மூலையில் போய் விழுந்தேன். வாடிக்கையாளர்களிடம் சண்டை போட்டேன், தெருவில் எனக்கு 'வெடி' என்று பெயரும் வாங்கினேன். ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் நான் யார் என்று எனக்கே புரிந்தது. அதைப் போய் எடுத்துக் கொடு என்றால்?

சாவியை மேஜைமேல் வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான். அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

அன்று சாயங்காலம் சபை மூப்பர் வீட்டுக்கு வந்து அண்ணனோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். ஜெபம் பண்ணினார்கள். அறையை விட்டு வெளியே வந்தபோது ஊழியம் முழுக்க அண்ணன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை இல்லை. அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைத்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. தனியாக எங்கேயும் போகக்கூடாது. கதவு தட்டப் போனாலும், முடி வெட்டப் போனாலும், துணை ஊழியர் ஒருவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, எந்தப் பெண்ணோடும் ஓர் அறையில் தனியாக இருக்கக்கூடாது.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அண்ணன் வாசலில் நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

"என்னடா, கடைக்குப் போகலையா?" என்றார் அப்பா.

"துணைக்கு யாருப்பா வர்றா?"

அம்மா சிரித்துவிட்டாள். "பழக்க தோஷம். பாவம் பிள்ளை. நீங்க கூடப் போங்களேன்."

அப்பா பெருமையோடு கிளம்பினார். நான் நேராக எங்கள் கடைக்கு எதிர்க்கடைக்குப் போனேன். அது தையல்கார அக்காவின் கடை. அங்கே உட்கார்ந்தால் எங்கள் கடை மொத்தமும் தெரியும். வயிற்றெரிச்சலோடு வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்பா டீக்கடைப் பக்கம் நழுவிய நேரம் பார்த்து ஒரு அம்மா மேஜை ஃபேனோடு கடைக்குள் நுழைந்தாள். அடுத்த நொடி அண்ணன் தெருவில் நின்றான்.

"உள்ள உக்காருங்கம்மா. நான் வெளியே நிக்கிறேன்."

"ஏம்ப்பா, உள்ள தீ கீ பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. அப்பா வரட்டும். அப்பா! அப்பா!"

தையல்கார அக்கா வாயில் இருந்த குண்டூசியை விழுங்காமல் தப்பித்ததே பெரிய விஷயம். நான் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தேன்.

அப்பா டீக்கடையில் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? டாக்டர் மிரட்டி, அம்மாவிடம் சத்தியம் செய்து அவர் சிகரெட்டை விட்டாயிற்று. வீட்டில் விட்டாயிற்று. டீக்கடைக்குப் பின்னால் விடவில்லை. இது தெருவுக்கே தெரியும், அம்மாவைத் தவிர.

இப்போது அண்ணன் அவருக்குத் துணை. அப்பா எழுந்தால் இவனும் எழுந்தான். அப்பா டீக்கடைக்குப் பின்னால் போனால் இவனும் போய்ச் சுவரோரம் கை கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றான்.

"நீ கடைக்குப் போடா. நான் ஒரு நிமிஷத்துல வர்றேன்."

"பரவாயில்லப்பா. நிதானமா வாங்க. நான் நிக்கிறேன்."

பெற்ற பிள்ளை, அதுவும் ஊழியம் செய்துவிட்டு வந்த பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்போது எந்த அப்பனால் பற்றவைக்க முடியும்? பாவம் மனுஷர், அந்த வாரம் முழுக்கப் பேனா மூடியைக் கடித்தே தேய்த்துவிட்டார். அம்மாவிடம் எரிந்து விழுந்தார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், காற்று இல்லை என்றார்.

அதற்கு நடுவில் அண்ணன் ரிப்பேர் செய்து கொடுத்த சீலிங் ஃபேன் ஒன்று திரும்பி வந்தது. "தம்பி, காத்து எல்லாம் கூரைக்குப் போகுது. பல்லிக்குத்தான் நல்லா வேர்வை அடங்குது" என்று அந்த ஆள் கத்தினார். அண்ணன் சிரித்தபடி நன்றி சொன்னான். முகத்தில் கதவைச் சாத்தினாலும் சிரித்துப் பழகிய வாய் அது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா தெருவைக் கடந்து தையல் கடைக்கு வந்தார். ரெண்டடி பின்னால் அண்ணன்.

"வெடி, இந்தா சாவி. பிடி."

"எனக்கு எதுக்கு? கடைதான் அண்ணனோடதாச்சே."

"அவன் இங்க லாயக்குப்பட மாட்டான். நீயே பாரு. எனக்கு மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டுறதுக்கு டாக்டர் வேற காரணம் சொன்னாரேப்பா?"

அப்பா முறைத்தார். தையல்கார அக்கா மெஷினைச் சும்மாவே ஓட்டினாள்.

"நாளைக்கு அண்ணன் ஆசைப்பட்டான்னு மறுபடி பிடுங்க மாட்டீங்களே?"

"மாட்டேன்டி. கடை உன்னோடது. அம்மாகிட்ட நானே சொல்றேன், ஊர்ல எவன் கேட்டாலும் சொல்றேன், போதுமா? ஆனா ஒண்ணு. இவனுக்குத் துணை இனிமே நீ. என் பின்னால வரக்கூடாது!"

சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் அவர் நடந்த வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். சாவி உள்ளங்கையில் சூடாக இருந்தது. அண்ணன் கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பாப்பா, காபி வாங்கிட்டு வர்றேன்" என்று பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி, தன்னந்தனியாகத் தெருவில் இறங்கிப் போனான்.

காபியோடு அவன் திரும்பும்வரை நான் திறந்த வாயை மூடவில்லை.

"டேய், நீ தனியா போன!"

"ஆமா."

"உங்க சட்டம்?"

"அதுவா? வந்த அன்னைக்கே மூப்பர் என்னை ஊழியத்துலேர்ந்து விடுவிச்சுட்டார். சட்டமெல்லாம் அன்னைக்கோட சரி."

"அப்போ அப்பாகிட்ட பொய் சொன்னியா?"

"எங்க சொன்னேன்? துணைக்கு யார் வர்றான்னு கேட்டேன். சட்டம் முடிஞ்சுதான்னு அப்பா கேக்கவே இல்லையே."

"கடை வேண்டாம்னு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, தங்கச்சிக்காக விட்டுக் குடுக்குறான், தங்கமான பிள்ளைன்னு இன்னும் கெட்டியா என் தலையில கட்டியிருப்பார். அவரா மனசார உன் கையில குடுக்கணும். அப்பதான் அது உன் கடை."

காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"அன்னைக்கு மேஜையில சாவியை வச்ச பாரு, வச்சுட்டு கையை எடுக்கவே இல்லை நீ. நான் உன் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தேன். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எதையாவது கேட்டாக வேண்டும்.

"அந்த சீலிங் ஃபேனைத் தலைகீழா ஓட விட்டதும் வேணும்னேதானா?"

முதல் தடவையாக அவன் முகத்தில் அந்த ஊழியச் சிரிப்பு காணாமல் போனது.

"இல்ல பாப்பா. அது நிஜமாவே எனக்குத் தெரியல."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.