பதினோராம் எண் பன்றி

லூதே தன் ஆராய்ச்சிக்காக ஊரார் பன்றிகள் நாற்பதுக்கும் எண் போட்ட மஞ்சள் காதுவில்லை மாட்டிய அன்று, ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. கடலில் இறங்கி மேயும் கடல் பன்றிகள் இருபது, மரத்தடியில் கட்டிய தோட்டத்துப் பன்றிகள் இருபது. எட்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் பதினேழுதான் மிஞ்சியிருந்தன. எந்தப் பன்றியும் நோய் வந்து சாகவில்லை. இரண்டு சாவு, ஒரு கல்யாணம், தேவாலயத்து மாநாடு, நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போனவர்களை வழியனுப்பிய விருந்து என்று மற்ற எல்லாமே மண்ணில் குழி வெட்டிய அடுப்புக்குள் போயிருந்தன. இருபத்திரண்டாம் எண் வில்லை ஒருவருடைய சாவிக்கொத்தில் தொங்குவதை அவளே கண்ணால் பார்த்தாள்.

லூதே நௌஃபாஹு, கால்நடைத் துறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள். டோங்காவின் வடகரையில் ஃபாலேவாய் அவளுக்குப் பிறந்த ஊர். அங்கே தண்ணீர் வற்றும் நேரம் தெரிந்து பன்றிகள் தாமாகவே கடலுக்குள் இறங்கும். வயிறு வரை நனைய நின்று பாசியைக் கிழித்துத் தின்னும், மூக்கால் மணலைக் கிளறிச் சிப்பி எடுக்கும். குட்டிகள் தாயின் பின்னால் போய்ப் பழகிக்கொள்ளும். இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. லூதேக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த தோட்டங்களில் மரத்தடியில் கட்டிய பன்றிகள் இருமி இருமி இளைத்தன. கடலுக்குப் போகிறவை இருமுவதே இல்லை.

பாசியில் மருந்து இருக்கிறதா என்று கேட்டு நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். அங்கே ஹார்வுட் என்ற ஆராய்ச்சியாளர் உடனே பிடித்துக்கொண்டார். இருமலுக்குக் காரணமான நுரையீரல் புழுவைப் பாசித் தீவனம் கொல்லுமா என்று பார்க்கலாம், அந்த இறைச்சி மனிதருக்கும் நல்லதா என்று பார்க்கலாம், கூடவே, தலைமுறை தலைமுறையாக உப்பில் மேய்ந்த பன்றிகளின் உடம்பு அதற்கேற்ப மாறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம் என்றார். கடைசிக் கேள்விக்குத் தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒன்றாக உயிரோடு வேண்டும். ஊரில் அப்படி இருந்தது ஒரே ஒரு பன்றிக் குடும்பம். அதன் தலைவிதான் பதினோராம் எண். லூதேயின் தம்பி பெனிசிமானியின் பன்றி.

அங்கே அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை என்பதால், தம்பி மனைவி அகனேசியிடம் போய்க் கேட்டாள். அதை விற்க மாட்டோம், எந்தச் சாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாக அவள் சொன்னாள். லூதே நம்பினாள்.

தம்பி மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மூன்று நாள் தலைநகரில் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட லூதே, நேரே விருந்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். குழந்தையின் அத்தை அவள். எல்லோருக்கும் மேலான இடம் அவளுடையது. விசேஷத்துக்கு உடுத்தும் மரியாதைப் பாயை இடுப்பில் சுற்றி, முன் வரிசையில் தனியே உட்கார வைத்தார்கள். நான்கு பேர் தூக்கி வந்து, அன்றைக்கு வெந்ததிலேயே பெரிய பன்றியை அவள் முன்னால் இறக்கினார்கள். அதன் இடது காதில் சுத்தமாக ஒரு ஓட்டை இருந்தது.

விசிறிக்கொண்டு பக்கத்தில் நின்ற அகனேசியிடம் மெல்லக் கேட்டாள்: "இது பதினொண்ணுதானே?"

"ஆமாக்கா."

"அடிக்க மாட்டோம்னு சொன்னியே."

"விக்க மாட்டோம்னு சொன்னோம். சாவுக்கு அடிக்க மாட்டோம்னு சொன்னோம். அத்தைக்கு வைக்க மாட்டோம்னு சொல்ல முடியுமாக்கா? எலும்பும் தோலுமா ஒண்ணை உங்க முன்னாடி வெச்சா, ஊர் அவர் மூஞ்சியிலதானே காறித் துப்பும்?"

லூதே கூட்டத்தில் தம்பியைத் தேடிப் பார்த்தாள். தம்பி தூரத்தில் தலை குனிந்து நின்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. இதைவிடப் பெரிய மரியாதையை அவன் அவளுக்குச் செய்ய முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பாதிரியார் ஜெபம் முடித்ததும், பன்றியையே பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி நன்றி சொன்னாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு, குடலை எங்கே அலசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்தாள். அத்தை விருந்தின் நடுவில் எழுந்து போவது யாரும் பார்த்திராத காட்சி. இடுப்புப் பாயோடு கடற்கரைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுலியேதி என்ற பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் தண்ணீரில் நின்று குடலை உருவிக்கொண்டிருந்தாள்.

"முழுப் பன்னி வெச்சும் உங்களுக்குப் பத்தலையா? குடலுக்கும் பங்கு கேட்டு வந்துட்டீங்க" என்றாள் சுலியேதி.

வயிற்றில் இருந்ததெல்லாம் ஏற்கெனவே கடலோடு போயிருந்தது. மிச்சம் இருந்தது பெருங்குடலும், நாய்க்குப் போடுவதற்காக ஒதுக்கிய நுரையீரலும்தான். லூதே அவளிடமே கத்தியை வாங்கி, மணலில் உட்கார்ந்து, மூச்சுக்குழாயை நுனிவரை கீறிப் பார்த்தாள். ஒரு புழுகூட இல்லை. பெருங்குடலில் வேறு வகைப் புழு ஒன்பது. அவளுடைய ஆராய்ச்சியில் ஒரு பன்றியின் உள்ளே அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை சாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பாதி, பல்கலைக்கழகம் இருந்த ஆக்லாந்துக்குப் போவதற்குள் விமான நிலையத்தில் கிடந்து கெட்டுப்போகும்.

பார்த்ததை எழுதி அனுப்பியதும் ஹார்வுட் பதில் எழுதினார். ஒரு பன்றியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று தலைமுறைப் பகுதியை மூடிவிடலாம். ஆனால் சாணியைவிடக் குடலும் நுரையீரலும் ஆயிரம் மடங்கு மேல். லூதே அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டாள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இனிமேல் பன்றியை அடிக்காதீர்கள் என்று கெஞ்ச மாட்டேன், எத்தனை வேண்டுமானாலும் அடியுங்கள், அலசுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள், அது போதும் என்றாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கூப்பிடவும் செய்தார்கள். அதுதான் அடுத்த தலைவலி. நான்கு பன்றியின் குடலை ஒரே வாளியில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இதில் கடல் பன்றி எது, தோட்டத்துப் பன்றி எது என்று கேட்டால், செத்த பிறகு எல்லாம் பன்றிதானே என்றான் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் பெண்கள் தயங்கினார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை போகவில்லை.

ஒன்றரை வருடத்தில், எது எங்கே மேய்ந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த பன்றிகள் முப்பத்தொன்று தேறின. தோட்டத்துப் பன்றிகள் பதினேழில் பதினொன்றுக்கு நுரையீரலில் புழு. கடலுக்குப் போனவை பதினான்கில் ஒன்றுக்கு மட்டும். லூதே அன்று சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள்.

பாசிதானா காரணம் என்று உறுதி செய்ய, ஆறு தோட்டத்துக் குட்டிகளைப் பழைய மண்பட்டியிலேயே அடைத்து, தினம் கடலில் இருந்து பாசி சுமந்துவந்து போட்டாள். முதல் வாரம் அவை பாசியை மிதித்துப் படுத்துக்கொண்டன. அப்புறம் தின்றன. நான்கு மாதம் தின்றன. ஆறில் நான்கு அதே மாதிரி இருமின. வெட்டிப் பார்த்தால் அதே புழு. மண்புழுவைத் தின்னும் பன்றிக்குத்தான் அந்த நுரையீரல் புழு ஏறுகிறது. கடலில் மண்புழு கிடையாது. பாசியில் மருந்து எதுவும் இல்லை. பன்றி பாதி நாள் அந்த மண்ணை விட்டு விலகி நின்றதுதான் விஷயம்.

அப்படியே எழுதி அனுப்பினாள். ஹார்வுட் மரியாதையாகத்தான் பதில் போட்டார். இது நல்ல முடிவு, நேர்மையான முடிவு. ஆனால் நிதி கொடுத்தவர்கள் பாசித் தீவனத்துக்காகக் கொடுத்தார்கள். தீவனம் இல்லை என்று ஆனபிறகு அடுத்த வருடம் தொடர வழியில்லை. கடிதத்தைப் படித்த லூதே அகனேசியிடம் சொன்னாள்: "பாசியில மருந்து இருக்குன்னு பொய் சொல்லியிருந்தா இன்னும் மூணு வருஷம் ஓட்டியிருப்பாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நாலு குட்டி என் முன்னாடி நின்னு இருமுதே."

வானொலியில் நான்கு நிமிடம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியைப் புழு சேராத புது இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொன்னாள். மறுநாள் தீவின் உள்பகுதியிலிருந்து ஒருவர் அழைத்து, தன் பன்றிகளைத் தினம் ஐந்து மைல் கடலுக்கு ஓட்டிப் போகவேண்டுமா என்று கேட்டார். அவருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஐம்பது பேராவது பட்டி மாற்றுவார்கள் என்று துறைக்கு எழுதிய அறிக்கையில் நம்பிக்கையோடு போட்டிருந்தாள். அந்த வருடம் மாற்றியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு வீட்டுக்கும் அவளே மாதாமாதம் போய், வேலியோரம் நின்று, பன்றிகள் இருமுகின்றனவா என்று காது கொடுத்துக் கேட்டு எழுதி வந்தாள்.