சுவரில் ஒட்டிய அறிக்கை

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அக்கா சின்ன மெஸ் நடத்திவந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். ஆபீஸிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் தினமும் மதியம் அங்கேதான் சாப்பிட்டோம்.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தத் தெருக் கடைகளையெல்லாம் சோதித்தார்கள். மறுநாள் அக்காவின் கடைச் சுவரில் மட்டும் ஆய்வறிக்கை ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, சமையலறைச் சாக்கடை உடைந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள்.

"இதப் போயி ஏங்க்கா ஒட்டினீங்க? வேற யாரும் ஒட்டலையே" என்றேன்.

"எல்லாருக்கும்தான் குடுத்தாங்க தம்பி. பக்கத்துக் கடைக்காரரு மடிச்சு உள்ள வெச்சிட்டாரு. சாப்புடறவங்களுக்குத் தெரிய வேணாமா? மூடி வாங்கிட்டேன். சாக்கடைக்கு நாளைக்கு ஆள் வர்றாரு."

சொன்னபடியே சரிசெய்தார். அதிகாரியை மறுபடி வரவழைத்து, குறை எதுவும் இல்லை என்ற அறிக்கையையும் வாங்கிப் பக்கத்திலேயே ஒட்டினார். அதைப் படிக்கத்தான் ஆள் வரவில்லை. முதல் அறிக்கையை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பியிருந்தார்கள். ஆபீஸ் நண்பர்கள் பக்கத்துக் கடைக்கு மாறினார்கள். நானும் கூடவே போனேன்.

ஒருநாள் அங்கே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அக்கா தன் கடை வாசலில் நின்றிருந்தார்.

"சாப்ட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் மெஸ்ஸை மூடிவிட்டார். பக்கத்துக் கடையின் அறிக்கையில் என்ன இருந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாடு இன்னும் அங்கேதான்.