குரங்கு கலைக்கிற பள்ளிக்கூடம்

மகளைத் தரம் ஒன்றில் சேர்க்கும் காலம் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய அரச பள்ளிக்கூடங்கள் இரண்டு. இரண்டையும் ஒரே காலையில் பார்த்து, ஒப்பிட்டு, முடிவோடுதான் திரும்புவது என்று அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

கவலை ஒன்றுதான். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, படலையைத் தாண்டினால் ஊமை. முன்பள்ளி ஆசிரியைக்கு அவள் குரலே தெரியாது. நானோ பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடு இறங்குமுன் உறவு கொண்டாடிவிடுகிற ஆள். எனக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று சிரித்தாலும் உள்ளுக்குள் பயம். வகுப்பில் வயிறு வலித்தால்கூட யாரிடமாவது சொல்வாளா?

முதலில் பெரிய வீதியோரப் பள்ளிக்கூடம். மாடிக் கட்டடம், பாண்ட் வாத்தியம், வகுப்பில் சுவரகலத் திரை. என் கணவர் பார்க்காமலே அதற்குத்தான் தலையாட்டியிருந்தார். நானும் வாயைப் பிளந்தேன். அதிபர் அன்பாகக் குனிந்தார்.

"பிள்ளையின்ர பேர் என்ன? சொல்லுங்கோ பாப்பம்."

மகள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வழக்கம்போல நானே சொன்னேன்.

மற்றது காட்டோரம். ஓட்டுக்கூரை, அரைச்சுவர், முதல் இரண்டு வகுப்புக்கும் ஒரே மண்டபம். பார்த்த உடனேயே மனத்துக்குள் கழித்துவிட்டேன். வந்த மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நிற்போம் என்றுதான் உள்ளே போனேன். சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டில் சோறும் பருப்பும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஓட்டில் தடதடவென்று சத்தம். குரங்குகள்! அரைச்சுவரில் ஒரு கூட்டம், வாசலில் தடியன் ஒன்று. பரிமாறிக்கொண்டிருந்த ஆசிரியை பதறவே இல்லை. அகப்பையால் மேசையில் தட்டினார்.

"ம், எல்லாரும் கத்துங்கோ!"

பிள்ளைகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஓய்! போ!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், சும்மா இருக்கிற வாயா இது? பிறகுதான் பார்த்தேன், என் கைக்குள் மகளின் கை இல்லை.

அவள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். கழுத்து நரம்பு புடைக்க, "ஓய்! போ! போ!" என்று கத்தினாள். அவள் குரல்தான் பெரிது. தடியன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு வேலிக்கு அப்பால் பாய்ந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்கட சத்தத்துக்குத்தான் அது ஓடினது. பேர் என்னம்மா?" என்றார் ஆசிரியை.

நான் வாயைத் திறக்குமுன் மகள் சொல்லிவிட்டாள். அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொன்னாள். அதோடும் விடவில்லை.

"ரீச்சர், நாளைக்கும் குரங்கு வருமோ?"

"ஓம், வரும். கத்துறதுக்கு ஆள் காணாது. நீங்களும் வாங்கோ."

அந்த நேரம் பார்த்து கணவர் எனக்குப் போன் எடுத்தார். "என்ன மாதிரி? பெரிய பள்ளிக்கூடம் தானே?"

மகள் போனைப் பறித்தாள். "அப்பா, நான் குரங்கு கலைக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் போவன்!"

மண்டபமே சிரித்தது. போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"எங்க நிண்டு கதைக்கிறாள்?"

"பள்ளிக்கூடத்துக்குள்ளதான். ரீச்சருக்கு முன்னால."

"அப்ப அங்கயே சேர்த்துவிடும்," என்றார்.