சிட்டமாகச் சுருட்டிய வெளிச்சம்

காலையில் ஜன்னல் வழியாகக் கஞ்சி வாசனை வரும். நெசவுக்கான பட்டு இழைகளை, பாவு என்போம், தெருவில் நீளமாகக் கட்டி அரிசிக் கஞ்சி போடும்போது எழுகிற, ஈரமும் லேசான புளிப்பும் கலந்த வாசனை. அது வந்ததும் என் கண் தானாக ஜன்னல் கம்பிக்குப் போய்விடும். அங்கே ஒரு வெள்ளை ஒயர் பெரிய வட்டமாகத் தொங்குகிறது. அந்த வட்டத்தின் கதைதான் இது.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு தை மாதக் காலையில், ஆரணியில் எங்கள் தெருவில் நடந்தது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நெசவு வீட்டில் பிறந்து, பக்கத்தில் உள்ள சேத்துப்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். வேலைக்கு நடுவே ஒன்பது வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. பிள்ளைகள் வளர்ந்தார்கள், மூக்குக் கண்ணாடி தடித்தது, ஆராய்ச்சி மட்டும் முடியவே இல்லை.

ஒளியை ஒளியாலேயே திருப்பிவிடுவது, அதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்துப் பாருங்கள், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். ஆனால் தலைமுடி மாதிரியான கண்ணாடி இழைக்குள் மிக வலுத்த ஒளியை அனுப்பினால், அந்தக் கண்ணாடியே துளி குணம் மாறும். அடுத்தடுத்து ஒட்டினாற்போல இரண்டு பாதைகள் இருந்தால், மெலிந்த ஒளி மெல்லப் பக்கத்துப் பாதைக்கு நழுவிவிடும். வலுத்த ஒளி தன் பாதையிலேயே நிற்கும்; கூட வருகிற மெலிந்த ஒளியின் வழியையும் மாற்றிவிடும். இடையில் மின்சாரம் வேண்டாம். ஒளியே ஒளிக்குச் சுவிட்ச். என் ஒன்பது வருடமும் இதுதான், எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது. இழையை ஒருநாளும் கையால் தொட்டதில்லை.

அன்று பதினொரு மணிக்கு இணையத்தில் வாய்மொழித் தேர்வு. வெளிநாட்டுத் தேர்வாளர் இரண்டு முறை தள்ளிப்போட்டுக் கொடுத்த நாள். எனக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பும் அந்த வாரத்தோடு சரி. தவறினால் ஒன்பது வருடமும் போயிற்று.

விடிந்ததும் எதிர்வீட்டு நெசவாளத் தம்பி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“அக்கா, உங்க ஒயரு பாவு மேல தொங்கினு இருக்குது பாருங்க. கஞ்சில ஒட்டிக்கப் போவுது.”

எங்கள் தெருவில் பாவு கட்டியிருந்தால் அதன்மேல் எதுவும் தொங்கக் கூடாது. துணிக்கொடியோ தோரணமோ, யாரும் கேட்பதற்கு முன்பே தூக்கிக் கட்டிவிடுவோம். நானும் இணைய ஒயரின் தொய்வை உள்ளே இழுத்தேன். பட்டு நூலைச் சிட்டமாகச் சுருட்டுவதுபோல நாலு விரலில் சின்னச் சின்னதாகச் சுற்றினேன். நடுவில் நூலால் இறுக்கி, ஜன்னல் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். அச்சு அசல் சிட்டம். வேலை பார்த்தது கை. தலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இணையம் இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். “ஆளு வந்தவாசி போய்க்கிறாரு மேடம், சாயங்காலம் ஆவும்.” கைபேசி இணையத்தில் முயன்றேன், என் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. வாசலுக்கு வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வந்தேன்.

“இன்னாக்கா, மூஞ்சி பேஜாரா இருக்குது?” என்றார் எதிர்வீட்டுத் தம்பி. சொன்னேன். கஞ்சிக் கையோடு அவர் ஓடியது தெருக்கோடிக் கம்பத்துக்கு. அங்கே ஏணியிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். வேறொரு கேபிள் கம்பெனிக்காரர்.

“அது எங்க லைன் இல்லீங்க. தொட்டா ரெண்டு ஆபீசும் என்னைத்தான் திட்டும்.”

“அக்காக்குப் பரீட்சைப்பா. இந்த வயசுல பரீட்சைக்கு உக்கார்றாங்க, நீ உங்க லைன் எங்க லைன்னு பேசிகினு இருக்கிற!”

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. செய்யாறில் ஒரு கம்பெனியில் லைன் படுத்துவிட்டதாம். “வந்துகினே இருக்கேன் சார், ஆரணிய தாண்டிட்டேன்” என்றார், எங்கள் தெருவில் நின்றுகொண்டு. பிறகு எங்கள் வீட்டை நோக்கி நடந்தார். குறுக்கே பாவு. நாலு பேர் அந்த ஈரப் பாவைக் கழிகளால் உயர்த்திப் பிடிக்க, பையை மார்போடு அணைத்துக் குனிந்து அடியில் வந்தார்.

மோடத்தின் பின்னாலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையில் பேனா மாதிரி ஒரு சிவப்பு வெளிச்ச டார்ச்சைச் சொருகினார். பிறகு ஒயரின் போக்கிலேயே கையைக் குவித்து நிழல் காட்டிக்கொண்டே நடந்தார். ஜன்னலருகே நின்றார்.

“இங்க வந்து பாருங்க.”

அவர் உள்ளங்கை நிழலில் என் சிட்டம் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு வழிந்தது. ஒன்பது வருடமாக நான் எழுத்தாக மட்டுமே அறிந்திருந்த ஒன்று, ரத்தம்போல என் முன்னால் கசிந்துகொண்டிருந்தது.

“யாருங்க இத இப்பிடிக் கட்டுனது?”

எதிர்வீட்டுத் தம்பி கூரையைப் பார்த்தார். “நான்தான்” என்றேன்.

“நூல் மாதிரி கட்டிக்கிறீங்க. உள்ள இருக்கறது கண்ணாடி, அக்கா. ரொம்ப மடிச்சா லைட்டு திரும்பத் தெரியாம வெளிய எறங்கிடும்.”

என் மூன்றாம் அத்தியாயம் இதே விஷயம்தான்: குறுகிய வளைவில் ஒளி இழப்பு. பதினேழு பக்கம். என்ன பரீட்சை என்று அவர் கேட்டார்.

“இந்த ஒயருக்குள்ள போற லைட்டைப் பத்திதான்.”

அவர் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. எதிர்வீட்டுத் தம்பி நகத்தால் ஒரு நெம்பில் பிரித்தார். கேபிள்காரர் ஒயரைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக்கித் தளர்வாகக் கம்பியில் மாட்டினார். மோடம் யோசித்தது. மூவரும் அதையே பார்த்தோம். சிவப்பு அணைந்து பச்சை வந்தபோது மணி பத்து நாற்பது.

நான் கொடுத்த மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அந்த லைட்ட வச்சி இன்னா பண்ணப் போறீங்க?” என்றார் கேபிள்காரர். சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

“இப்போ எங்க ஆபீஸ் மெஷின்ல லைட்டு கரண்டா மாறி, வழி பாத்துகினு, மறுபடி லைட்டாதான போவுது? அந்த மாத்தற வேலையே வேணான்றீங்க.”

“அதேதான்.” என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்பு ஆகும்.

“அப்போ எங்க வேலை?”

“நாங்க ஒயரை இப்பிடி நூல் மாதிரி கட்டிகினேதான இருப்போம், உனக்கு வேலை எங்க போவுது?” என்றார் எதிர்வீட்டுத் தம்பி. அப்போதுதான் மூவரும் சிரித்தோம். செய்யாறிலிருந்து மறுபடி போன் அடித்தது.

தேர்வின் கடைசியில் அந்த வெளிநாட்டுக்காரர், இழையோடு நேரடியாக வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார். இன்று காலைவரை தொட்டதில்லை ஐயா என்று தொடங்கி, சிட்டம், பாவு, சிவப்பு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் ஆங்கிலம் அவ்வளவு தடையின்றி அதற்கு முன் ஓடியதில்லை. அவர் நெடுநேரம் சிரித்தார். பட்டம் கிடைத்தது.

அந்த மனிதரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு அந்தக் கம்பெனியில் விசாரித்தேன். வேலை மாறி ஓசூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். ஒரு ஒளி பக்கத்தில் வந்தால் இன்னொன்றின் வழி மாறும் என்று ஒன்பது வருடம் எழுதினேன். தன் லைனில்லாத ஒரு லைனுக்காக முக்கால் மணி நேரம் என் பக்கத்தில் நின்றவரை நினைக்கும்போதெல்லாம், நான் எழுதியது உண்மைதான் என்று படுகிறது.

இதை எழுதுவதுகூட அவர் கண்ணில் எங்காவது படட்டும் என்றுதான். ஏனென்றால் அன்று பாவுக்கு அடியில் மறுபடி குனிந்து போய், வண்டியை உதைத்துக் கிளப்பி, தெரு முனையில் திரும்பும் முன் அவர் கத்திச் சொன்னது ஒன்றே ஒன்று:

“பாஸாயிட்டா சொல்லுங்கக்கா!”