யாரும் முந்த முடியாத வளைவு

பந்தய வண்டிகள் ஓடுவதற்குத் தடம் வரைந்து கொடுப்பது என் தொழில். இதைச் சொன்னால் எங்கள் மர்பி டவுனில் யாருக்கும் புரிவதில்லை. "ரோடு காண்ட்ராக்டா?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டு வாசலில் இருக்கும் பள்ளத்தைக் காட்டுவார்கள். என் அம்மாவே பக்கத்து வீட்டு அக்காவிடம், "வண்டிய எடுத்துட்டுப் போய் கிளம்புன எடத்துக்கே திரும்பி வர்றானுங்களே, அவனுங்களுக்கு இவ வழி போட்டுத் தர்றா" என்று சொல்லி வைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பேதும் இல்லை. அதனால்தான் எரிச்சல் வரும்.

ஓசூர் சாலையில் பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு முதலாளிக்குத் தடம் வரைந்தேன். முழுக்க என் சொந்த வேலை என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த முதல் தடம் அதுதான். அதன் ஐந்தாவது வளைவை நினைத்து நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன். இடப்பக்கம் ஒரு திருப்பம், மூச்சு விடுவதற்குள் வலப்பக்கம் ஒன்று. காகிதத்தில் அவ்வளவு அழகு. ஆனால் நுழையும் இடத்தைக் குறுகலாக வைத்துவிட்டேன். வண்டிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே போக முடிந்தது. முந்த முடியாத பந்தயம் யாருக்கு வேண்டும்?

முதல் போட்டி முடிந்ததும் திட்டு கொட்டியது. ஐந்தாவது வளைவுக்கு எதிரே உட்காருகிறவர்களுக்குத் தலையணை கொடுக்கலாம் என்று ஒருவர் இணையத்தில் எழுதினார். ரேஷன் கடை வரிசைகூட இதைவிட விறுவிறுப்பாக நகரும் என்றார் இன்னொருவர். முதலாளி போனில், "மேடம், நான் ரேஸ் கேட்டேன், நீங்க ஊர்வலம் குடுத்திருக்கீங்க" என்றார். ஆறுதல் கிடைக்கும் என்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். அவள் மீன் முள்ளைத்தான் கவனிப்பாள்.

அம்மாவுக்கு அப்போது வேறு கவலை. மெயின் ரோடு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத ஸ்கூட்டர்களும் டெலிவரி பைக்குகளும் எங்கள் தெருவுக்குள் புகுந்து பறக்கத் தொடங்கியிருந்தன. காலைப் பூசைக்காகத் தெருவைக் கடந்தபோது ஒரு பைக் அவள் புடவையை உரசிக்கொண்டு போனது. விழவில்லை, ஆனால் வெலவெலத்துப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சலோடுகூடப் பூசைக்குப் போனவள், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மணியோசையைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் எதற்கு இருக்கிறேன்? தெருக்காரர்களிடம் சம்மதம் வாங்கி, பழைய டிரம்களில் மண் நிரப்பிச் செடி நட்டு, தெருவுக்குள் ஒரு வளைவு வைத்தேன். ஐந்தாவது வளைவுக்காக வாங்கிய திட்டு மனதிலேயே இருந்ததால் இந்த முறை நுழையும் இடத்தை நன்றாக அகலப்படுத்தினேன். தொழில் புத்தி! வண்டிகளை மெதுவாக்க வந்தவள் என்பதே மறந்துவிட்டது. கொஞ்ச நாளில் அல்சூர் பையன்களெல்லாம் பைக்கோடு வந்து, சாய்ந்து சாய்ந்து ஒருவரையொருவர் முந்த ஆரம்பித்தார்கள். "சூப்பர் கார்னர், குரு!" என்று ஒருவன் கத்தினான். என் வேலைக்கு வந்த முதல் பாராட்டு. அம்மா பார்த்த பார்வையில் அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏண்டி, அந்த பொம்மசந்திரா ரோட்டுல எவனும் முந்தவே முடியலன்னு திட்றாங்களே, ஒரு வளைவு..."

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"எல்லாரும் ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் மெதுவாதான் போறானுங்களா?"

"ஆமாம்மா!"

"அத இங்க கொண்டாந்து வையேன்."

"அது தப்பாப் போன வளைவும்மா!"

"பரவால்ல. தப்பாவே வை."

எனக்கு மானமே போனது. அம்மாவோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு கேட்டருகே அவள் நிற்கும் கோலத்தை மறுபடி பார்த்துவிட்டு அளக்கும் டேப்பை எடுத்தேன். தண்ணீர் லாரி நுழையுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஐந்தாவது வளைவை அப்படியே சிறிதாக்கி டிரம்களை நகர்த்தினேன். அல்சூர் பையன்கள் ஒருமுறை வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அம்மா ஜெபமாலையோடு இறங்கினாள். பைக்குகள் காலைத் தரையில் ஊன்றி ஊன்றி வரிசையாக ஊர்ந்தன. ஒரு பையன் எரிச்சலோடு, "யாரு ஆன்ட்டி இத வெச்சது? அவங்களுக்கு மூள கீள இருக்கா?" என்றான்.

"எம் பொண்ணுதான் வெச்சா. கொஞ்சம் நில்லு, நான் போய்க்கிறேன்."

அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் வேறு வழியில்லாமல் நின்றார்கள். அம்மா அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து போனாள். கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். அந்தப் பையன் மேல் கோபமும் இருந்தது.

பூசை முடிந்து திரும்பியபோது அம்மாவோடு பின் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் டிரம்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இவங்க தெருவுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பாத்து, நல்லா கில்லா போட்டுத் தொலச்சிடாத."